நோட்டைக் கொடுக்காதீர்கள், கேட்டு எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறைக்குப் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஊருக்கு வந்து சேரும் நேரம் இது. தாத்தா, பாட்டி வாழ்க்கையை எழுதி வைக்க வேண்டும் என்ற எண்ணம் இப்போது பல வீடுகளில் இருக்கிறது. அதற்காகத் தடித்த நோட்டு ஒன்றை வாங்கிப் பெரியவர் கையில் கொடுத்து, "உங்க கதையை எழுதுங்க" என்று சொல்லிவிட்டு ரயிலேறிவிடுகிறார்கள். அந்த நோட்டில் பெரும்பாலும் நான்கு பக்கம்தான் நிரம்பும். பிறந்த ஊர், பெற்றோர் பெயர், படிப்பு, வேலை, ஓய்வு பெற்ற நாள் என்று பணிப்பதிவேட்டில் உள்ளதே திரும்ப வரும்.

பெரியவர்களைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. அவர்கள் தலைமுறையில் பேனாவை எடுத்தது மனு எழுத, கடிதம் எழுத, கணக்கு எழுத. எழுத உட்கார்ந்தால் அந்த நடைதான் வரும். கண்புரையும் கைநடுக்கமும் சேர்ந்தால் அதுவும் நின்றுபோகும். அதே மனிதரிடம் "உங்க அம்மா சாயங்காலம் விளக்கு வைக்கிறப்ப என்ன செய்வாங்க?" என்று கேட்டுப் பாருங்கள், நிறுத்தாமல் பேசுவார். ஆகவே எழுதும் வேலையை இளையவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டும். பெரியவர் பேசட்டும், நாம் பதிவு செய்வோம், பிறகு எழுதுவோம். இதற்குத் தேவையான விவரங்களை உங்கள் வாசகர்களுக்குச் சொல்லவே இந்தக் கடிதம்.

கைபேசியே போதும். பேசத் தொடங்குமுன் அதை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். நடுவில் அழைப்பு வந்தால் பல கைபேசிகளில் பதிவு அப்படியே நின்றுவிடும். மேசைமேல் நேராக வைத்தால் மேசையில் படும் ஒவ்வொரு தட்டலும் பதிவாகும். நாலாக மடித்த துண்டின்மேல், பேசுபவரிடமிருந்து ஒரு முழத்துக்குள் வையுங்கள். பதிவைக் கெடுப்பதில் முதலிடம் மின்விசிறிக்கு. நேரில் கேட்கும்போது அந்த இரைச்சல் நமக்குத் தெரியாது, பதிவில் சொல்லை விழுங்கிவிடும். விசிறியை நிறுத்த முடியாத வெயிலில் அதை ஒன்றாம் எண்ணில் வைத்து, கைபேசியை அதன் நேர்கீழே இல்லாமல் சுவரோரமாக வைக்கலாம். குக்கர், மிக்ஸி ஓடும் நேரம் வேண்டாம். பல்செட் கழற்றி வைத்திருப்பவர்களை அதைப் போட்டுக்கொண்டு பேசச் சொல்லுங்கள், பாதிச் சொற்கள் அதனால் தெளிவாகும். தொடங்கும்போது தேதி, இடம், யார் யார் இருக்கிறார்கள் என்பதைச் சொல்லி, "பதிவு செய்யலாமா?" என்று கேட்டு, அவர் சரி என்பதும் பதிவில் இருக்கட்டும்.

ஓர் அமர்வுக்கு 40 நிமிடம் போதும். காலைப் பலகாரம் முடிந்து, மதியச் சாப்பாட்டுக்கு முன் உள்ள நேரம்தான் நல்லது. ஞாபகமறதி தொடங்கியவர்களுக்குச் சாயங்காலத்தில் குழப்பம் கூடும். அவர்கள் தப்பாகச் சொன்னால் திருத்தவும் வேண்டாம். திருத்திய நிமிடமே வாயை மூடிக்கொள்வார்கள். பெயரையும் தேதியையும் விட்டுவிட்டு, நடவுப் பாட்டு, தாலாட்டு, பழைய படம் என்று போனால் எங்கிருந்தோ வந்துவிடும்.

முதல் அமர்வில் வாழ்க்கையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஒரு பெரிய தாளை விரித்து, பிறந்து வளர்ந்த வீட்டை வரையச் சொல்லுங்கள், அல்லது அவர் சொல்லச் சொல்ல நீங்கள் வரையுங்கள். திண்ணை எந்தப் பக்கம், ரேழியில் (வாசலுக்கும் முற்றத்துக்கும் இடையிலான நடையில்) என்ன இருந்தது, முற்றம் எவ்வளவு அகலம், பத்தாயம் (நெல் கொட்டி வைக்கும் பெரிய மரப்பெட்டி) எங்கே நின்றது, மாட்டுக்கொட்டில் எங்கே, யார் எங்கே படுத்தார்கள், தீட்டு நாட்களில் பெண்கள் எங்கே இருந்தார்கள், பண்ணையாட்கள் எதுவரை வரலாம். குடிசை வீடாக இருந்தால் கூரை என்ன, எத்தனை வருடத்துக்கு ஒருமுறை மாற்றினார்கள், மழையில் எந்த மூலை ஒழுகும், அடுப்பு உள்ளேயா வெளியேயா, குடிதண்ணீர் எங்கிருந்து, அந்தக் கிணற்றில் இறங்கி எடுக்க விட்டார்களா. வீட்டின் ஒவ்வொரு மூலையிலும் ஓர் ஆள் நிற்பார். அந்த ஆளைப் பற்றிக் கேட்டால் அடுத்த நான்கு அமர்வுக்கு விஷயம் கிடைத்துவிடும்.

இன்னொன்று முக்கியம். தாத்தாவையும் பாட்டியையும் சேர்த்து உட்கார வைத்துக் கேட்காதீர்கள். தாத்தா பேசுவார், பாட்டி "ஆமாம்" போடுவார். தனியாக, சமையலறையிலோ கொல்லையிலோ, கீரை ஆய்ந்துகொண்டே கேட்டால் அவர் சொல்வது முற்றிலும் வேறு குடும்ப வரலாறாக இருக்கும். கேட்பவர் மகனாக இல்லாமல் பேத்தியாகவோ மருமகளாகவோ இருந்தால் இன்னும் நல்லது. மகனுக்கு எல்லாம் தெரியும் என்று பெரியவர் நினைப்பார், மகனும் அப்படித்தான் நினைத்துக் குறுக்கே பேசுவார். கேள்வி கேட்டபின் பத்து நொடி பேசாமல் இருக்கப் பழகுங்கள். பெரியவர் யோசிக்கும் நேரத்தில் நாம் அடுத்த கேள்வியைப் போட்டுவிடுகிறோம். நல்ல விஷயம் பெரும்பாலும் அந்த இடைவெளிக்குப் பிறகுதான் வரும்.

அடுத்து காலக்கணக்கு. குடும்பக் கதைகள் பெரும்பாலும் உதவாமல் போவது இங்கேதான். "அப்போது", "ரொம்ப நாளைக்கு முன்னாடி" என்று எழுதிவைத்தால் இருபது வருடம் கழித்து யாருக்கும் ஒன்றும் புரியாது. ஆண்டைக் கேட்டால் பெரியவர் சொல்லமாட்டார், அல்லது தப்பாகச் சொல்வார். நிகழ்வோடு கட்டிக் கேட்க வேண்டும். கும்பகோணம் பக்கத்துக் குடும்பம் என்றால் மகாமகம் இருக்கிறது: 1968, 1980, 1992, 2004, 2016. "பெரியக்கா கல்யாணம் எந்த மகாமகத்துக்கு முன்னாடி?" என்று கேட்டால் பன்னிரண்டு ஆண்டுக்குள் வந்துவிடும். நாகப்பட்டினம் கடலோரத்தில் 1952 நவம்பர் கடைசியில் அடித்த புயல், 1977 நவம்பர் புயல், 2004 டிசம்பர் 26 சுனாமி. ராமேசுவரம் பக்கம் 1964 டிசம்பர் புயல். போட் மெயில் ரயிலில் தனுஷ்கோடி வரை போய்க் கப்பலேறி இலங்கைக்குப் போனதாகச் சொன்னால் அது அந்தப் புயலுக்கு முந்தியது. மலேயா போனவர் ரஜூலா கப்பலைச் சொன்னால் எழுபதுகளின் தொடக்கத்துக்குள் போன பயணம். சிதம்பரம் கப்பல் என்றால் அதற்குப் பிறகு, 1985-இல் அந்தக் கப்பலில் தீப்பிடித்ததற்கு முன். தஞ்சைப் பகுதி விவசாயிகளிடம் ஏடிடி 27 என்ற புது நெல் ரகம் வருமுன்னா வந்த பின்னா என்று கேளுங்கள், அறுபதுகளின் நடுப்பகுதி பிடிபடும். இந்தி எதிர்ப்புப் போராட்டம் 1965, அண்ணா மறைவு 1969 பிப்ரவரி, காமராசர் மறைவு 1975 அக்டோபர், எம்.ஜி.ஆர். மறைவு 1987 டிசம்பர் என்பவை எல்லா ஊருக்கும் பொது.

படிப்பும் கைகொடுக்கும். அந்தக் காலத்தில் முதல் ஃபாரம் என்றால் இன்றைய ஆறாம் வகுப்பு, ஆறாவது ஃபாரம் என்றால் பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி. "புயல் அடிச்சப்ப செகண்ட் ஃபாரம்" என்றால் வயது பன்னிரண்டு பதின்மூன்று. பள்ளிச் சான்றிதழில் உள்ள பிறந்த தேதியை மட்டும் அப்படியே நம்பாதீர்கள். வயது தெரியாத பிள்ளையைத் தலைக்கு மேலாகக் கையைக் கொண்டுபோய் மறுபக்கக் காதைத் தொடச் சொல்லிச் சேர்த்த காலம் அது. ஐந்து வயது நிறைவதற்காக ஜூன் மாதத் தேதி ஒன்றை வாத்தியாரே போட்டுவிடுவது வழக்கம்.

ஜாதகம் இருந்தால் அதுதான் உறுதியான சான்று. தமிழ் ஆண்டை ஆங்கில ஆண்டாக்க ஒரு கணக்கு உண்டு. அறுபது ஆண்டு வட்டத்தில் பிரபவ முதல் அந்த ஆண்டு எத்தனையாவது என்று எண்ணி, அதோடு 1926-ஐக் கூட்டுங்கள். தாது பத்தாவது, எனவே 1936. சித்திரையிலிருந்து கார்த்திகை வரை 1936. தை, மாசி, பங்குனி என்றால் 1937. மார்கழியில் பாதி இந்த ஆண்டிலும் பாதி அடுத்த ஆண்டிலும் விழும். தேதியைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஆங்கில ஆண்டாக மாற்றும்போது தை முதல் பங்குனி வரை பிறந்தவர்களுக்கு ஓராண்டு குறைத்து எழுதிவிடுவது அடிக்கடி நடக்கிற தவறு. அதைவிடப் பெரிய தவறு அறுபது ஆண்டு நழுவுவது. தாது வருஷம் 1876-இலும் வந்தது, பெரும் பஞ்சம் வந்த ஆண்டு அது. கொள்ளுத்தாத்தா தாது வருஷத்தில் பிறந்தார் என்றால் எந்தத் தாது என்பதை அவர் பிள்ளைகளின் வயதோடு பொருத்திப் பார்க்க வேண்டும். கன்னியாகுமரி மாவட்டக் குடும்பங்களில் கொல்லம் ஆண்டு இருக்கும். அதோடு 824 அல்லது 825 கூட்டினால் ஆங்கில ஆண்டு. கிறிஸ்தவக் குடும்பங்களுக்குத் தேவாலயத்து ஞானஸ்நானப் பதிவேடு ஜாதகத்துக்குச் சமம்.

பணமும் அளவும் ஏமாற்றும். புதுக்காசு வந்தது 1957 ஏப்ரல் 1. ஆனால் 25 காசை "நாலணா" என்று அதன்பிறகும் பல பத்தாண்டு சொன்னோம். ஆகவே அணா என்ற சொல்லை மட்டும் வைத்துக் காலத்தை முடிவு செய்யாதீர்கள். கூலி எத்தனை மரக்கால் (நெல் அளக்கும் அளவு) என்று பெரியவர் சொன்னால், எந்த மரக்கால் என்று கேளுங்கள். ஊருக்கு ஊர் படியே வேறு. நிலத்தை மா, வேலி என்று சொன்னால் அப்படியே எழுதி, ஒரு வேலி இருபது மா என்று ஒரே ஒருமுறை விளக்கம் கொடுத்துவிடுங்கள். ஏக்கராக மாற்றி எழுதினால் அவர் பேச்சு போய்விடும், கணக்கிலும் பிசகு வரும்.

ஆசிரியருக்கு இங்கே ஒரு வேண்டுகோள். புயல், வெள்ளம், அணை திறப்பு, மின்சாரம் வந்த ஆண்டு, ரயில்பாதை, பள்ளி, ஆலை தொடங்கிய ஆண்டு ஆகியவற்றை மாவட்டவாரியாக ஒரு பக்கப் பட்டியலாக உங்கள் நாளிதழ் விடுமுறைக் காலத்தில் வெளியிட்டால், பெரியவர் முன் வைத்துக்கொண்டு கேட்க அதைவிட உதவியான தாள் வேறு இருக்காது. உங்கள் பழைய இதழ்களிலேயே இத்தனையும் இருக்கின்றன.

வீட்டிலேயே உள்ள ஆவணங்களை யாரும் ஆவணமாக நினைப்பதில்லை. மொய் நோட்டு இருக்கிறதே, அது ஒரு புதையல். 1960-களில் நடந்த ஒரு கல்யாணத்தின் மொய் நோட்டைத் திறந்தால் பெயர், ஊர், தொகை என்று வரிசையாக இருக்கும். எந்தெந்த ஊரில் உறவு இருந்தது, யார் பங்காளி, தாய்மாமன் சீர் என்ன, எந்தக் குடும்பத்தோடு அப்போது பேச்சுவார்த்தை இருந்தது என்பதெல்லாம் அதில் தெரியும். அதைப் பெரியவர் முன் விரித்து ஒவ்வொரு பெயராகப் படியுங்கள். "இவரு யாரு?" என்ற ஒரு கேள்விக்கு ஒரு முழுக் கதை வரும். வராதவர் யார் என்பதும் கேட்க வேண்டிய கேள்விதான். பத்திரங்கள், ரெக்கார்டு ஷீட் (பள்ளியை விட்டபோது கொடுத்த சான்று), பழைய பாஸ்போர்ட், ரேஷன் கார்டு, கல்யாணப் பத்திரிகை எல்லாம் இதே வகை. பழைய தாள்களைப் பத்திரப்படுத்துவதாக எண்ணி லேமினேட் மட்டும் செய்துவிடாதீர்கள். சூடும் பசையும் தாளோடு கலந்துவிடும், பிறகு பிரிக்கவே முடியாது. செல்லோ டேப்பும் வேண்டாம், அது பழுத்து எழுத்தையும் கூட்டிக்கொண்டு போகும். கண்ணாடியில் ஒட்டிப்போன புகைப்படத்தைப் பிய்க்காமல் கண்ணாடியோடு சேர்த்தே படமெடுங்கள். சிறிய படங்களை 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்யலாம். படத்தின் பின்புறம் பெயர் எழுத அழுத்தாமல் எழுதும் மென்மையான பென்சில்தான் சரி. பேனா மை அடுத்த படத்தில் ஒட்டும்.

பெயர் விஷயத்தில் கவனம் வேண்டும். நம் வழக்கப்படி தாத்தா பெயர் பேரனுக்கு வரும். மூன்று பிள்ளைகளுக்கும் பிறந்த மூத்த பையன்கள் மூவரும் ஒரே பெயரோடு நிற்பார்கள். "மாமா" என்று எழுதினால் ஐந்து பேரில் யாரென்று தெரியாது. "அம்மாவின் இரண்டாவது தம்பி, திருவாரூரில் இருந்தவர்" என்று முதல்முறை முழுதாக எழுதுங்கள். வீட்டில் கூப்பிட்ட பெயரும் பதிவேட்டுப் பெயரும் இரண்டுமே வேண்டும். பெண்களுக்குக் கல்யாணத்துக்குப் பிறகு தலைப்பெழுத்து மாறியிருக்கும், பல வீடுகளில் பெயரே மாறியிருக்கும். நம் வம்சாவளிப் பட்டியல்களில் பெண் பிள்ளைகளைக் கொடுத்த இடத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். பிறந்து இறந்த குழந்தைகளைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. இரண்டையும் கேட்டு எழுத வேண்டும். "எத்தனை பிள்ளைகள்?" என்று கேட்டால் உயிரோடு இருப்பவர்களைத்தான் சொல்வார்கள். "எத்தனை பிரசவம்?" என்று கேட்டால்தான் உண்மை வரும். அந்தக் கேள்வியைப் பெண்கள் கேட்பது நல்லது.

பத்து வயதிலிருந்து முப்பது வயது வரை உள்ள காலம் பெரியவர்கள் நினைவில் அடர்த்தியாக இருக்கும். அதற்குப் பிந்தையதை இரண்டு வாக்கியத்தில் முடித்துவிடுவார்கள். நாற்பதுக்கு மேற்பட்ட காலத்துக்கென்று தனியாக ஓர் அமர்வு வையுங்கள். கடன், நோய், பிள்ளைகளைப் படிக்க வைத்த பாடு, வேலை போன காலம் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன.

பேச்சை எழுத்தாக்கும் வேலைதான் பலரையும் மலைக்க வைப்பது. ஒரு மணி நேரப் பேச்சைத் தட்டச்சு செய்ய ஐந்தாறு மணி நேரம் ஆகும். கைபேசியின் குரல்வழித் தட்டச்சு இப்போது தமிழில் ஓரளவு வேலை செய்கிறது. வட்டாரப் பேச்சிலும் ஊர்ப் பெயரிலும் சறுக்கும். பெரியவர் பதிவைக் காதில் கேட்டு, நீங்கள் தெளிவாகத் திரும்பச் சொன்னால் பிழை குறையும். டிடிபி கடையில் கொடுத்தால் யூனிகோடில் அடிக்கச் சொல்லுங்கள். பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்பை வேறு கணினியில் திறந்தால் வெறும் ஆங்கிலக் குறிகளாக நிற்கும், பத்து வருடம் கழித்து அதைப் படிக்க வழி தேடி அலைய வேண்டும்.

திருத்தும்போதுதான் பெரும் சேதம் நடக்கிறது. ஒரு பாட்டி இப்படிச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம்: "அப்ப நான் அஞ்சாவது, இல்லல்ல, ஃபர்ஸ்ட் ஃபாரம். அந்தப் பெரிய புயல். கூரை போயிடுச்சு. தாத்தா எங்க நாலு பேரையும் பத்தாயத்துக்குள்ள எறக்கி மேல பலகையப் போட்டுட்டாரு. விடிஞ்சுதான் தூக்கினாரு." இதைப் படித்த பேரன் "1952ஆம் ஆண்டு வீசிய கடும் புயலில் எங்கள் இல்லத்தின் மேற்கூரை சேதமடைந்தது" என்று எழுதிவிடுகிறார். பத்தாயம் போயிற்று, பலகை போயிற்று, நாலு பிள்ளைகளும் போயினர். "வந்து", "என்ன சொல்றது" போன்ற அசைச்சொற்களையும் ஒரே விஷயம் மூன்று முறை வருவதையும் வெட்டலாம். முன்பின்னாக வருவதை வரிசைப்படுத்தலாம். அதற்குமேல் கை வைக்க வேண்டாம். இடையில் இணைத்துச் சொல்ல வேண்டியதை எளிய எழுத்துத் தமிழில் நீங்கள் எழுதி, அவர் பேச்சை மேற்கோளில் அப்படியே விடுங்கள். "வந்தாஹ", "வந்தாவ", "வந்தாங்க" என்று எந்த ஊர்ப் பேச்சோ அப்படியே. ஆண்டு போன்ற விளக்கம் பகர அடைப்புக்குள் [ ] வரட்டும், அப்போது எது அவர் சொன்னது, எது நாம் சேர்த்தது என்பது தெரியும்.

சொல்லக் கூசும் விஷயங்கள் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. இரண்டாம் தாரம், பாகப்பிரிவினைச் சண்டை, ஓடிப்போன பெண், சாதியின் பெயரால் செய்தது, பட்டது. இவற்றைப் பதிவிலேயே அழித்துவிடாதீர்கள். பதிவு முழுதாக இருக்கட்டும், அச்சில் எது வரலாம் என்பதைப் பெரியவரே சொல்லட்டும். உயிரோடு இருக்கும் ஒருவரைப் பற்றிய பகுதியை அவரிடம் காட்டாமல் அச்சிடக் கூடாது. சர்வே எண், பங்கு யாருக்கு எவ்வளவு, வாய்வழி வாக்குறுதி ஆகியவற்றைப் புத்தகத்தில் சேர்க்கவே வேண்டாம். நாளை சொத்து வழக்கில் அதைத் தூக்கிக்கொண்டு வருவார்கள், குடும்பத்தைச் சேர்க்க எழுதிய புத்தகமே பிரித்துவிடும்.

பதிவுக் கோப்புகளுக்கு ஆண்டு, மாதம், தேதி, பேசியவர் பெயர், அமர்வு எண் என்ற வரிசையில் பெயரிடுங்கள். மூன்று இடத்தில் வையுங்கள்: ஒன்று ஹார்டு டிஸ்கில், ஒன்று இணையச் சேமிப்பில், ஒன்று வேறு ஊரில் உள்ள உறவினர் வீட்டில். பென் டிரைவை மட்டும் நம்ப வேண்டாம். கூகுள் கணக்கை இரண்டு ஆண்டு யாருமே திறக்காவிட்டால் அதை நீக்க அந்த நிறுவனத்தின் விதி இடம் தருகிறது, ஆகவே பெரியவர் பெயரில் உள்ள கணக்கில் போட்டு வைக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது குரல் செய்தியாக அனுப்பாமல், கோப்பாக இணைத்து அனுப்புங்கள், தரம் குறையாது.

அச்சுக்கு டெம்மி என்ற வழக்கமான புத்தக அளவு, 80 ஜிஎஸ்எம் (தாளின் கனம்) மேப்லித்தோ என்ற வெள்ளைத் தாள், 14 புள்ளி எழுத்து என்று அச்சகத்தில் சொல்லுங்கள். பெரியவர்களும் படிக்க வேண்டும் என்பதால் எழுத்தைச் சிறிதாக்கிப் பக்கத்தை மிச்சம் பிடிக்காதீர்கள். வெறும் பசை ஒட்டிய பைண்டிங் அடிக்கடி புரட்டினால் தாள் தாளாக வரும், தையல் பைண்டிங் கேளுங்கள்.

முதலில் பத்துப் பிரதி மட்டும் டிஜிட்டலில் அச்சிடுங்கள். ஒவ்வொரு பிரதியின் கடைசியிலும் எட்டு வெற்றுப் பக்கம் விட்டு, ஒரு பென்சிலோடு சித்தப்பா, அத்தை, ஒன்றுவிட்ட அண்ணன் என்று வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்துவிடுங்கள். "அது அந்த வருஷம் இல்லை", "அந்த வண்டி நம்ம வண்டி இல்லை" என்று எழுதாமல் யாரும் திருப்பித் தரமாட்டார்கள். இருவர் சொல்வது முரண்பட்டால் ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல், யார் எப்படிச் சொன்னார் என்று இரண்டையும் போடுங்கள். ஆறு மாதம் கழித்து எல்லாவற்றையும் திரும்ப வாங்கிச் சேர்த்த பிறகு, குடும்பத்துக்கு வேண்டிய அளவுக்கு இரண்டாம் அச்சுப் போட்டுக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
குடும்ப வரலாறு தொகுப்பதில் ஈடுபட்டிருக்கும் ஒரு வாசகர்,
கும்பகோணம்.